நீ இல்லாத ஆண்டில் நான் எழுதிய சோதினை

தம்பி, உன் கலியாணத்துக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. விருந்தில் எழுந்து நின்று நான்கு வார்த்தை பேச முடியுமா என்று போன ஞாயிறு கேட்டாய். லாராவின் தகப்பனார் பேசுவாராம், தமையன் பேசுவானாம், உன் பக்கத்திலும் யாராவது பேசினால் வடிவாக இருக்குமாம். ஓம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் சமையலறைச் சுவரைப் பார்த்துப் பேசிப் பழகினேன். சரிவரவில்லை. அப்பா கதவடியில் நின்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எழுந்து நின்று பேச எனக்கு வராது, எழுத ஓரளவு வரும். அதனால்தான் இதை எழுதுகிறேன். சனிக்கிழமைகளில் உன்னை அழவைத்து அழவைத்துத் தமிழ்ப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டதற்கு ஒரு பயன் வேண்டாமா? மெதுவாக வாசி. விளங்காத இடத்தில் நிறுத்தி எனக்குப் போன் அடி. விருந்தில் எழுந்து நான் இரண்டே வார்த்தை சொல்வேன். மிச்சம் எல்லாம் இதில் இருக்கிறது.

நீ வீட்டைவிட்டுப் போன அந்த ஆண்டைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் நாம் சாப்பாடு, காலநிலை, அப்பாவின் முழங்கால் என்றே முடித்துவிடுவோம். இங்கே என்ன நடந்தது என்று நீ கேட்டதில்லை. எனக்குள்ளே என்ன நடந்தது என்று நானும் சொன்னதில்லை.

நீ மெல்பேர்னுக்கு விமானம் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பு. பழைய வருடத்தின் கடைசி மாலை. உன் இரண்டு பெரிய பெட்டிகளும் நடையில் நின்றன. ஆறு மணிக்கு வழமைபோல டென்மார்க் ராணியின் புத்தாண்டு உரையைப் பார்க்க உட்கார்ந்தோம். நீ பாதிக் கண்ணால் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உரையின் கடைசியில் அவர், முதுகில் நடந்த அறுவைச் சிகிச்சையைப் பற்றிச் சொல்லி, பொறுப்பை மகனிடம் கொடுக்கிறேன் என்றார். நீ துள்ளி எழும்பி "வாட்?" என்று கத்தினாய். அப்பா தேத்தண்ணியை மேசையில் ஊற்றினார். பத்து நிமிடத்துக்குள் உன் கூட்டாளிகள் நான்கு பேர் போன் எடுத்துவிட்டார்கள். நான் ஈரத்தைத் துடைத்துக்கொண்டே, "பாவம் மனிசி, கனகாலம் நிண்டிட்டா" என்றேன். அப்போதுதான் நீ சிரித்துக்கொண்டு டேனிஷில் சொன்னாய்: "அம்மா, அவங்கள் எல்லாம் உங்களுக்கு யாரோ. உங்களிட்டை இன்னும் அந்தப் பழைய இலங்கைப் பாஸ்போர்ட். எனக்குப் பிள்ளையள் பிறந்தால் இந்த வீட்டில வெளிநாட்டுக்காரி நீங்கள் ஒரு ஆள்தான்."

பகிடிக்குத்தான் சொன்னாய். நானும் சிரித்தேன். ஆனால் உன்னை பில்லுண்ட் விமான நிலையத்தில் விட்டுவிட்டு எங்கள் ஊர் விபோர்க்குக்குத் திரும்பி வரும் வழி முழுதும் அது எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா, சட்டங்கள் இலேசாக இருந்த காலத்தில் குடியுரிமை எடுத்தவர். நீ அவரால் பிறக்கும்போதே டேனிஷ்காரன். நான் மட்டும் பிறகு பிறகு என்று இருந்துவிட்டேன். நான் தயாராகும் ஒவ்வொரு முறையும் சட்டம் ஒரு படி மேலே ஏறி நின்றது. உண்மையான காரணம் வேறு. எனக்குச் சோதினை என்றால் பயம். யாழ்ப்பாணத்தில் ஏ.எல். சோதினைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது ஷெல் விழுந்து ஊரோடு எழும்பி ஓடியவள் நான். பிறகு அதை எழுதவே இல்லை. இங்கே முதியோர் இல்ல வேலைக்கான படிப்பையும், மொழிச் சோதினையையும் எப்படியோ பல்லைக் கடித்து முடித்தேன். குடியுரிமைக்கு இந்த நாட்டின் வரலாறும் சட்டமும் விளையாட்டும் நடப்புச் செய்திகளும் கேட்கும் சோதினை என்றதும் பயந்துபோனேன். ஆனாலும் நீ போன கிழமையே அந்தப் பாடத்தை இணையத்திலிருந்து இறக்கி, வேலையிடத்து அச்சு இயந்திரத்தில் எடுத்தேன். உன் பிள்ளைகள் இங்கே ஓடித்திரியும்போது அவர்களுக்கு அந்நியமான ஒருத்தியாக நான் இருக்கக்கூடாது. அதுதான் எண்ணம். உன்னிடம் சொல்லவில்லை. எழுதி முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

முதியோர் இல்லத்தில் என் பிரிவில் கிர்ஸ்டன் என்று ஒரு மூதாட்டி. தொண்ணூறைத் தாண்டியவர். காது மந்தம், குரல் வெண்கலம். சின்ன வயதில் கிராமத்துக் கைப்பந்து (ஹாண்ட்போல்) அணியில் கோல் காத்தவர். வளைந்த விரல்களைக் காட்டி, "இது ஒன்றொன்றும் ஒரு பந்து" என்பார். தை மாதத்து ஞாயிறு ஒன்றில் ராணி விலகும் நாள் வந்தது. எனக்கு வேலை. எல்லாரையும் நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வந்து தொலைக்காட்சிக்கு முன்னால் விட்டோம். நீ அங்கே தூக்கத்தில் இருந்திருப்பாய். ராணி கையெழுத்திட்டுவிட்டு எழுந்தார். மகனைத் தன் நாற்காலியில் இருக்கச் சொன்னார். பிறகு தடியை எடுத்துக்கொண்டு மெல்ல அறையைவிட்டு வெளியே போனார். அவ்வளவுதான். பெரிய வாத்தியமோ முரசோ ஒன்றும் இல்லை. ஒரு தாய் எழும்பினா, மகன் இருந்தார், தாய் போய்விட்டா. பிறகு தலைநகரில் குளிரில் நிறைந்து நின்ற சனத்துக்கு முன்னால் பிரதமர் மாடத்தில் நின்று புதிய அரசரின் பெயரை மூன்று தரம் உரக்கச் சொன்னார். அந்த நேரம் கிர்ஸ்டன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "இனி அவர் வோரஸ் ராணி இல்லை" என்றார். நம்முடைய என்றும் அர்த்தம், எங்களுடைய என்றும் அர்த்தம். உனக்குத் தெரியும், தமிழில் கேட்பவரைச் சேர்த்துச் சொல்ல ஒரு சொல், சேர்க்காமல் சொல்ல வேறொரு சொல். டேனிஷில் இரண்டுக்கும் ஒரே சொல். அவர் என்னையும் சேர்த்துத்தான் சொன்னாரா என்று தெரியாமலே நானும் அழுதேன். உன்னை விட்டுவிட்டு வந்து இரண்டு கிழமை ஆகாத கண்ணீர் அது. அவருக்கு அது தெரியாது. என் கையில் தட்டிக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு செய்தி கேட்பதில் எனக்கு வேறொரு பழக்கம் வந்தது. காரில் போகும்போது வானொலி. சமைக்கும்போது அப்பா கேள்வி கேட்பார். முப்பது வருடமாக இந்த நாட்டுக் குடிமகனாக இருக்கும் மனிதருக்கு ஒரு விடையும் தெரியாது, தம்பி. "டென்மார்க்கில பொம்பிளையளுக்கு வாக்குரிமை எப்ப கிடைச்சது?" என்று வாசித்துவிட்டு, நான் வாய் திறக்க முன்பே, "எங்கட இலங்கைக்குப் பிறகாத்தான் இருக்கும்" என்பார். "இல்லையப்பா, முன்னம். ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினைஞ்சு." "உமக்கு ஆர் சொன்னது?" "உங்கட கையில இருக்கிற தாளில அடிச்சிருக்கு." பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, "கவனம், இதை வெளியில சொல்லிப்போடாதையும். என்ரை பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேப்பாங்கள்" என்பார். அந்த மாதங்களில் நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு, நீ போன வீட்டுக்குக் கொஞ்சம் கூடத்தான். எங்களை நினைத்துக் கவலைப்பட்டிருப்பாய் என்பதால் சொல்கிறேன்.

சித்திரை மாதத்தில் ஒரு காலை, எனக்கு ஓய்வு நாள். கொப்பன்ஹேகனில் பழைய பங்குச்சந்தைக் கட்டடம் எரிந்தது. நாலு நாகங்களின் வால் பின்னியதுபோல ஒரு கோபுரம் இருக்குமே, ஆறாம் வகுப்புச் சுற்றுலாவில் நீ அதன் முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டு படம் எடுத்தாய். அந்தக் கோபுரம் எரிந்து சரிந்து விழுவதை நேரடியாகக் காட்டினார்கள். தெருவால் போனவர்கள், அலுவலகக்காரர், சிப்பாய்கள் என்று எல்லாரும் உள்ளேயிருந்து பெரிய பெரிய ஓவியங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு படத்துக்கு ஆறு பேர், எட்டுப் பேர். அப்பா வேலைக்குப் போக உடுத்திக்கொண்டு வந்தவர், சப்பாத்தின் கயிற்றைக் கட்டாமல் அப்படியே நின்றார். யாழ்ப்பாண நூலகத்தை எரித்தபோது அவர் பள்ளிக்கூடப் பெடியன். அடுத்த நாள் சாம்பலைப் பார்க்கப் போனவர். அதைப் பற்றி உன்னிடம் அவர் கதைத்ததில்லை, என்னிடமும் ஒரு தரம்தான். அன்று அவர் சொன்னது இதுமட்டும்: "பாரும், தூக்கிக்கொண்டு ஓட விடுறாங்கள்." பிறகு வேலைக்குப் போய்விட்டார். பின்னேரம் வந்து, அந்தக் கட்டடத்தைத் திரும்பக் கட்டுவார்களாமா என்று கேட்டார். கட்டுவார்களாம் என்றேன். "நல்லது" என்றார். ஒரு ஊரின் கட்டடத்துக்காக அப்பா கவலைப்பட்டு நான் இங்கே கண்டது அதுதான் முதல் தரம்.

அதற்கு அடுத்த கிழமையில் கிர்ஸ்டன் கோபத்தில் இருந்தார். வசந்தத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பெரிய ஜெபநாள் என்று விடுமுறை வருமே, அரசாங்கம் அதை எடுத்துவிட்டது. அந்த ஆண்டுதான் முதன்முதலாக எல்லாரும் அந்த நாளில் வேலைக்குப் போனார்கள். "தேவாலயத்துக்கு நான் போய் இருபது வருடம். ஆனால் அந்த நாள் என்னுடையது" என்று மேசையில் குத்தினார். முதல் நாள் பின்னேரம் வழமையாகச் சாப்பிடும் சூடான ஏலக்காய் பணிஸை அவர்கள் யாரும் விடவில்லை. விடுமுறை இல்லாவிட்டாலும் பணிஸ் இருக்கிறது. நானும் இரண்டு சாப்பிட்டேன். ஏலக்காய் போடுவதில் இவர்களுக்குக் கை இறுக்கம் என்பது என் கருத்து.

ஆனி தொடக்கத்தில் சோதினை எழுதினேன். தவறிவிட்டேன். சொல்லிவிட்டேன் பார், இவ்வளவு காலம் தொண்டையில் இருந்தது. ராணி, தீ, ஜெபநாள் எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. பழைய போர்களிலும் கட்டடக் கலைஞர்களிலும் விட்டேன். முடிவு வருவதற்கு முன்னால் ஒரு மாதம் இருந்தது, அந்த மாதம் நன்றாகவே போனது. பள்ளிப் படிப்பை முடித்து வெள்ளைத் தொப்பி போட்ட பிள்ளைகள் லொறிகளில் நின்று கத்திக்கொண்டு ஊரைச் சுற்றினார்கள். உன் வகுப்பு லொறி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? மற்ற வீடுகளில் பியரும் சிப்ஸும் கொடுத்திருந்தார்கள். நான் ரோல்ஸும் வடையும் முட்டை வைத்து உருட்டிய மிதிவெடியும் பொரித்து அடுக்கி வைத்திருந்தேன். ஒருத்தரும் லொறிக்குத் திரும்பி ஏறவில்லை, சாரதி ஹோர்ன் அடித்து அடித்துக் கடைசியில் அவரும் இறங்கிவந்து சாப்பிட்டார். நீ வெட்கப்படுவாய் என்று பயந்துகொண்டிருந்தேன். நீயோ தட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருத்தரிடமும், "இது என்ரை அம்மா செய்தது" என்று சொல்லித் திரிந்தாய். நீ இல்லாத அந்த ஆனி மாதக் கடைசியில் உதைபந்தாட்டம். ஜெர்மனியோடு. இடியும் மின்னலும் வந்து ஆட்டத்தையே நிறுத்தினார்கள். பிறகு நாங்கள் போட்ட கோலை, காலின் பெருவிரல் நுனி முன்னால் நின்றது என்று இல்லாமலாக்கினார்கள். அப்பா கதிரையிலிருந்து எழும்பி, "நகத்தை வெட்டியிருக்கலாம்!" என்று கத்தினார். பக்கத்து வீட்டு மனிதர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, அதையே டேனிஷில் கத்தினார். அன்றிலிருந்து இரண்டு பேரும் நல்ல ஒட்டு.

ஆடியில் முடிவு கைபேசிக்கு வந்தது. படுக்கை விரிப்பு அடுக்கும் அறையில் நின்று பார்த்தேன். பிறகு இருபது விரிப்பை மடித்தேன், ஒவ்வொன்றையும் திரும்பப் பிரித்து மடித்தேன். அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர், "அடுத்தது கார்த்திகையில வருது. நான் இனி ஒழுங்காக் கேக்கிறன்" என்றார்.

பிறகு ஒலிம்பிக் வந்தது. கடைசி ஞாயிறு மத்தியானம் ஆண்கள் கைப்பந்து இறுதி ஆட்டம், அதுவும் ஜெர்மனியோடு. கிர்ஸ்டனுக்கு அன்று காலையிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. சிவப்புக் கம்பளி ஒன்றைப் போர்த்துக்கொண்டு முதல் வரிசையில் இருந்தார். தலைப்பட்டி கட்டிய அந்த நீள முடிக்காரருக்கு அதுதான் கடைசி ஆட்டம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் நெஞ்சிடிக்க ஒன்றும் இருக்கவில்லை, தம்பி. இடைவேளைக்குள்ளேயே ஆட்டம் முடிந்த மாதிரி. எங்கள் பக்கம் கோல் மேல் கோல். கிர்ஸ்டன் என்னைத் திரும்பிப் பார்த்து, "அலுப்பாக இருக்கிறது, கோப்பி கொண்டு வா" என்றார். கோப்பியோடு நான் வரும்போது முடிந்துவிட்டது, பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கட்டிப்பிடித்தார்கள். அந்த நீள முடிக்காரர் அழுதார். நான் தட்டை வைத்துவிட்டு, "நாம் வென்றுவிட்டோம்!" என்று கூவினேன். எந்த மொழியில் கூவினேன் என்று இப்போதும் ஞாபகம் இல்லை. கிர்ஸ்டன் தன் வளைந்த விரல்களால் கை தட்டினார்.

இலை உதிரும் காலத்தில் நீ அந்தப் போனை எடுத்தாய். லாராவைப் பற்றிச் சொன்னாய். அவளைத் திரையில் காட்டினாய். கன்னத்தில் குழி விழச் சிரித்து, "வணக்கம்" என்றாள். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. பிறகு அவள் எழுந்து போனதும், நீ குரலைத் தாழ்த்தி, "மோ, யை ப்ளியா ஹேர்" என்றாய். அம்மா, நான் இங்கேயே இருக்கப்போகிறேன். கஷ்டமான எதையும் நீ தமிழில் சொன்னதில்லை. நான், "சந்தோசம் ராசா, நல்லா இருங்கோ" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் முழுதும் உண்மையும் இல்லை. அப்பா எழும்பிப் போய் வளவில் இலை கூட்டினார். எங்கள் வளவு முடிந்து பக்கத்து வீட்டு வளவையும் கூட்டினார்.

உள்ளே வந்து, மேசையில் கிடந்த என் தாள்களைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "அவன்தானே வரேல்லை. இனி உமக்கு என்னத்துக்கு இந்தச் சோதினை?"

நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இங்கே ஓடித்திரியும் பேரப்பிள்ளைகளுக்காகத் தொடங்கிய வேலை. அவர்கள் ஓடித்திரியப் போவது வேறு கண்டத்தில். இரண்டு கிழமை தாளைத் தொடவில்லை. காரில் வானொலியையும் போடவில்லை. அமைதியாக வேலைக்குப் போய் வந்தேன். ஒரு காலை கிர்ஸ்டனுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தபோது அவர், "இன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். தினமும் நான்தான் அவருக்குச் செய்தி சொல்வேன். காது மந்தமானதால் வானொலி அவருக்கு விளங்காது. "தெரியாது, கேட்கவில்லை" என்றேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ஏன், உனக்குச் சுகமில்லையா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார், வேறொன்றும் இல்லை. ஆனால் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்த ஊரின் செய்தி தெரியாமல் நான் வந்து நின்றால் சுகமில்லாத ஆள் மாதிரித் தெரிகிறேன் என்றால், இந்த ஊர் எனக்கு எப்போதோ பிடித்துவிட்டது என்றுதானே அர்த்தம். அதில் உனக்கு ஒரு பங்கும் இல்லை, ராசா. கோபிக்காதே.

அன்று பின்னேரம் அப்பாவிடம் சொன்னேன். "அவன் வாறதுக்கும் நான் எழுதுறதுக்கும் சம்பந்தமில்லை. அண்டைக்கு ஷெல் அடிச்சபடியால் எழுதாமல் விட்டன். இண்டைக்கு ஒருத்தரும் அடிக்கேல்லை. இஞ்சை இருக்கப்போறது நான்தானே."

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து கேள்வி கேட்கத் தொடங்கினார்.

சோதினை நாளன்று பனி கொட்டிக் கண்ணாடியெல்லாம் இறுகியிருந்தது. நான் உடுத்திக்கொண்டு வெளியே வர, அப்பா ஏற்கனவே காரின் கண்ணாடியைச் சுரண்டி முடித்து, இயந்திரத்தையும் சூடாக்கி வைத்திருந்தார். மொழிப் பள்ளி மண்டபத்தில் என் பக்கத்தில் ஒரு சிரியாப் பெடியன், உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தான். முன்னால் ஓர் ஆங்கிலேயர், இந்த நாட்டில் அரை ஆயுள் இருந்தவராம், இதெல்லாம் எழுத வேண்டியிருக்கிறதே என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். தாளைத் திருப்பினேன். முதலில் நடப்புச் செய்திக் கேள்விகளைத் தேடிப் போனேன். அவற்றில் படித்து நினைவு வைத்தது என்று ஒன்றும் இருக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யாரோ இருந்தார்கள். ஒன்றில் கிர்ஸ்டன் அழுதார், ஒன்றில் அப்பா சப்பாத்துக் கயிற்றைக் கட்டாமல் நின்றார். அவற்றை முடித்த பிறகு பழைய போர்களுக்குப் போனேன்.

இந்த முறை சித்தியடைந்தேன். தெரிந்த அன்று வேலையிடத்தில் என் கோப்பைக்கு முன்னால் பிறந்தநாளுக்கு வைப்பதுபோலச் சின்னச் சின்ன டென்மார்க் கொடிகளை நட்டு, கிறீம் கேக் வெட்டினார்கள். கிர்ஸ்டன் எல்லாரையும் எழும்பச் சொன்னார். எழும்ப ஏலாதவர்கள் கையைத் தூக்கினார்கள். அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். எனக்குச் சொன்னது, "இனி இந்த வீட்டில பெயிலான டேனிஷ்காரன் நான் மட்டுந்தான்."

குடியுரிமை விண்ணப்பம் இப்போது அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. கனகாலம் எடுக்கும் என்கிறார்கள். இங்கே குடியுரிமையைப் பாராளுமன்றம் சட்டமாகத்தான் நிறைவேற்றும், அந்தச் சட்டத்தில் ஒவ்வொருவரின் பெயரும் இருக்கும். என் அப்பா வைத்த பெயர் ஒரு நாட்டின் சட்டத்தில் வரப்போகிறது என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பாகவும் இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது. அவசரம் இல்லை. காத்திருக்கிற நேரத்தில் வேலை இருக்கிறது, வளவு இருக்கிறது, இந்தக் குளிரில் கைப்பந்தும் இருக்கிறது. கிர்ஸ்டன் இப்போது அதிகம் நித்திரைதான், ஆனால் ஆட்டம் தொடங்கினால் எழுப்பச் சொல்லியிருக்கிறார்.

இப்போது விளங்குகிறதா, நீ அங்கே இருக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு ஞாயிறும் மன்னிப்புக் கேட்பதுபோலக் கதைப்பது எனக்கு ஏன் பிடிக்கவில்லை என்று? மன்னிப்புக்கு ஒன்றும் இல்லை. அப்பாவும் நானும் எங்கள் பெற்றோரை விட்டு வந்தது ஓடித் தப்ப. நீ போனது விருப்பத்தோடு. உன் தலைமுறைக்கு அது வாய்த்ததே எங்களுக்குப் போதும். உனக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். ஒரு நாட்டில் வேலை பார்ப்பது வேறு, அந்த நாட்டின் ஒரு வருடத்தை அதன் சனங்களோடு இருந்து பார்ப்பது வேறு. முதலாவதை நான் முப்பது வருடம் செய்தேன். இரண்டாவதை ஒரு வருடம்தான் செய்தேன், அதுவும் நீ போன பிறகு. நீ அவ்வளவு காலம் காத்திருக்காதே. அவர்கள் எதற்கு அழுகிறார்கள் என்று தெரியாவிட்டாலும் பக்கத்தில் இரு. ஆட்டம் விளங்காவிட்டாலும் கத்து. லாராவின் வீட்டார் பார்ப்பதை நீயும் பார், தனியாக அறையில் இருந்து கைபேசியில் எங்கள் கைப்பந்தைப் பார்க்காதே. நான் பார்த்து உனக்குச் சொல்கிறேன்.

போன ஞாயிறு நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், காலம் வரும்போது அங்கேயும் ஒரு குடியுரிமைச் சோதினை இருக்கிறதாம், கிரிக்கெட் பற்றியும் கேட்பார்களோ என்று பயமாம். அந்தப் பாடப் புத்தகத்தை நான் திங்கட்கிழமையே இறக்கிவிட்டேன், தம்பி. பாதி வாசித்துவிட்டேன். அப்பா எனக்குக் கேட்டதைவிட நான் உனக்கு ஒழுங்காகக் கேட்பேன். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் காலநிலைக் கதை வேண்டாம். தமிழில் கேட்பேன், தமிழில்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதற்கேள்வி அந்தப் புத்தகத்தில் இல்லை. நீ குடியிருக்கும் அந்த மாடியில், உன் கதவுக்கு நேர் எதிர்க் கதவுக்காரரின் பெயர் என்ன? தெரியாவிட்டால் பரவாயில்லை. ஞாயிறு வர இன்னும் நாலு நாள் இருக்கிறது, போய்க் கதவைத் தட்டு.

அம்மா